டைமண்ட் சிரிக்கிற படங்கள்

பதினேழாவது வளைவில் காது அடைத்துக்கொண்டது.
பின்சீட்டில் அரம் ஒன்று,
சூரமங்கலத்து லேத்துப் பட்டறையில்
முழநீளக் கைப்பிடி பற்றவைத்தது,
திருப்பத்துக்குத் திருப்பம் வாளியில் மோதி
மணியடித்துக்கொண்டே வந்தது.
நான் மாட்டு டாக்டர்.
மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது.
அந்தத் தைரியத்தில் பிழைப்பவள்.

ஏரிக்கரையில் ஜபருல்லா நின்றிருந்தார்.
"முரண்டு பிடிக்கிறான் மேடம்.
கடிவாளத்தைக் காட்டினாலே
தலையை வானத்துக்குத் தூக்குறான்.
இரும்பை மாத்திப் பார்த்தேன், முள்ளு வச்சது.
அதுக்கும் அடங்கல."
முள்ளைச் சொல்லும்போது மட்டும்
குரல் இறங்கியது.

சாம்பல் குதிரை. விலா எலும்பைப்
படகுத்துறையிலிருந்தே எண்ணலாம்.
காலடியில் பச்சை உருண்டைகள்,
பாதி மென்று நழுவவிட்ட புல்.
லத்தியைக் குச்சியால் கிளறினேன்:
முழுக் கொள்ளு,
ஊறப்போட்டது ஊறப்போட்டபடி.
கொள்ளென்றால் வாயைத் திறக்கும்
கடிவாளமென்றால் மூடும் என்பார்கள்.
இவன் கொள்ளுக்கும் மூடினான்.

எத்தனை நாளாக?
"போன வாரந்தான்" என்றார் ஜபருல்லா.

பத்து நிமிடத்தில் பிரிண்ட் போட்டுத் தரும் தேவசகாயம்
கேமராவோடு எட்டிப் பார்த்தார்.
"நம்ம சிரிக்கிற குதிரைக்கு என்ன டாக்டர்?
இவனோட எடுத்தாத்தான் படம் விக்கும்."
சிரிப்பைக் காட்டச் சொன்னேன்.

மலர்க் கண்காட்சி. மேலுதடு சுருண்டு பல் தெரிய,
பக்கத்தில் கரூர்க் குடும்பம் ஒன்று
அதேபோல் பல்லைக் காட்டி.
பங்குனியில் தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.
பொங்கல் விடுமுறையில் சாய்வு குறைவு,
கடைவாயில் எச்சில் நூல்.
தீபாவளி. புதுமாப்பிள்ளை. சிரிப்பு.
நான் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன்.
ஆடி மாதப் படம் ஒன்றில்
வாய் மூடி, காது தளர்ந்து
ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அதை யாரும் வாங்கவில்லையாம்.

ஊசி போட்டதும் தலை மெல்லத் தொங்கியது.
வாய்ப்பூட்டைப் பல்பல்லாக விரித்தேன்.
நாற்றம் முதலில் வந்தது.
தேவசகாயத்தின் போன் வெளிச்சத்தில்
மேல் கடைவாய்ப் பற்களின் வெளியோரம்,
காம்பவுண்டுச் சுவரில் பதித்த கண்ணாடிச் சில் மாதிரி.
கன்னத்தின் உட்சதை அதற்கு நேராகக் கிழிந்து
ஆறி, மறுபடி கிழிந்து.

குதிரைப் பல் சாகும்வரை முளைக்கும்.
மலையில் நாளெல்லாம் மேய்ந்தால் தேயும்.
இவனுக்கு இரண்டு வேளைத் தவிடும் கொள்ளும்,
மீதி நேரம் சவாரி.

நாக்கை ஜபருல்லா கையில் கொடுத்தேன்.
கனம், சூடு, வழுக்கல்.
குனிந்து உள்ளே பார்த்தவர்
வெகுநேரம் நிமிரவில்லை.
"பன்னெண்டு வருசமா வாயில இரும்பு போடுறேன்" என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.

அரம் போனது, வந்தது.
வெள்ளைத் தூள், முடி கருகும் வாசம்.
விரலை விட்டுத் தடவினேன், மறுபடி ராவினேன்,
வெதுவெதுப்பாய்த் தண்ணீர் பீய்ச்சினேன்.
கீழ்வரிசையில் ஒரு பல் விரிசல்.
அதைப் பிடுங்க எனக்குக் கையில்லை,
நாமக்கல்லுக்கு எழுதிக் கொடுத்தேன்.
இருபது நாள் கடிவாளம் கூடாது என்றதும்
சீசன் ஞாயிறுகளை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தவர்
இரண்டாவது விரலில் நிறுத்திக்கொண்டார்.

மயக்கம் தெளிய மூடுபனி இறங்கிவிட்டது.
குல்லாய் போட்ட பையன் ஒருவன் கேட்டான்,
குதிரை சிரிக்குமாமே?
"இன்னிக்கு லீவு" என்றார் தேவசகாயம்.

ஒன்பதாம் நாள் வாட்ஸப்பில் ஒரு படம்.
செய்தித்தாளின் மேல் லத்தி, நன்றாகப் பரப்பி.
அளவுக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி,
நான் சொன்னபடி.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
முழுக் கொள்ளு
ஒன்றே ஒன்று.